இயக்குநர் தலையின் எடை

எடை அளவைத் துறையின் வட்டார அலுவலகத்தில் பணிபுரியும் அனைவரும் கடுமையான மன இறுக்கத்தில் இருக்கிறார்கள் என்பதைத் தலைமையகம் ஒரு திங்கட்கிழமை காலையில் அறிவித்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலைவரை அவர்களுள் எவருக்கும் அச்செய்தி தெரியாது. அறிவிப்பைப் படித்தபின் சிலருக்கு உண்மையாகவே இறுக்கம் தொடங்கியது. எனவே அறிவிப்பு சரியானதே என்பதும் அன்றே உறுதியாயிற்று.

அறிவிப்பின் முதல் வாக்கியத்துக்கு எழுவாய் முதற்பக்கத்தில் இருந்தது. பயனிலையைத் தேடி மூன்றாம் பக்கம்வரை செல்ல வேண்டியிருந்தது. இடைப்பட்ட தொலைவில், இந்தியத் தலைமசாஜ் என்னும் முறையால் ஊழியர்தம் இறுக்கத்தைத் தணிக்க வேண்டும் என்பதும், தலையைக் கொடுப்பவர், தலையைப் பிடிப்பவர், இருவரையும் மேற்பார்வையிடுபவர் ஆகியோரின் கடமைகள் யாவை என்பதும், விடுப்புக் கோருதல் மன இறுக்கத்தின் முதல் அறிகுறியாகக் கொள்ளப்படும் என்பதும் விளக்கப்பட்டிருந்தன. விடுப்புக் கேட்பவருக்கு முதலில் தலையைப் பிடித்துவிட வேண்டும். அதன்பிறகும் அவருக்கு விடுப்பு வேண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இக்கடைசி விதியை எவரும் கவனித்துப் படிக்கவில்லை. முத்திரைக்காரரும் படிக்கவில்லை.

வணிகர்கள் கொண்டுவரும் தராசுகளைப் பிறர் சோதித்து முடித்தபின், அவற்றில் ஈயத்துண்டைக் கோத்து, இடுக்கியால் நசுக்கி, அரசு முத்திரையைப் பதிப்பது அவருடைய வேலை. பணியில் சேர்ந்த நாள்முதல் அதைத் தவிர வேறு எதையும் அவர் நசுக்கியதில்லை. மேலதிகாரி சொன்னால் சரி என்பார். சொல்லாவிட்டாலும் சரி என்பார். அப்படிப்பட்டவர் புதன்கிழமையன்று கண்காணிப்பாளர் அம்மையாரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"மேடம், அடுத்த வாரம் வியாழக்கிழமை ஒரு நாள் லீவு வேணும்."

கண்காணிப்பாளர் நிமிர்ந்தார். பெட்ரோல் நிலையங்களின் அளவுக் கருவிகளைச் சோதித்தே பதவி உயர்வு பெற்றவர் அவர். யாரைப் பார்த்தாலும், இவர் எவ்வளவு குறைவாக ஊற்றுகிறார் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்.

"எதுக்கு?"

"பொண்ணு வர்றா மேடம். சரக்குக் கப்பல்ல இன்ஜினியரா இருக்கா. அன்னிக்கு ஒரு நாள்தான் கப்பல் நம்ம துறைமுகத்துல நிக்குதாம். காலையில வந்து சாயங்காலம் கிளம்பிடும். நாங்க உள்ள போய்ப் பார்க்கலாம்னு பாஸ் வாங்கி வெச்சிருக்கா. அவளைப் பார்த்து ஒன்றரை வருஷம் ஆச்சு."

"அப்போ நீங்க டென்ஷனா இருக்கீங்க."

"இல்லையே மேடம். சந்தோஷமாத்தான் இருக்கேன்."

"சந்தோஷமா இருக்கறவர் எதுக்கு லீவு கேக்கறீங்க?"

முத்திரைக்காரர் இக்கேள்விக்கு விடை தேடினார். தேடும்போது அவருடைய நெற்றி சுருங்கியது. "பாருங்க, இப்பவே தெரியுது" என்று சொல்லி, கண்காணிப்பாளர் அவரைத் தணிப்பறைக்கு அழைத்துச் சென்றார்.

தணிப்பறை என்பது, போலி எடைக்கற்களைப் பறிமுதல் செய்து போட்டு வைத்திருந்த அறை. கற்களை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு, ஏலத்தில் எடுத்த பல் மருத்துவர் நாற்காலி ஒன்றை நடுவில் வைத்திருந்தார்கள். தலை சாயும் பலகையைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் ஒரு வட்டமுகத் தராசைத் தட்டோடு பொருத்தியிருந்தார்கள். தட்டின்மேல் ஒரு சிறு மெத்தை. மெத்தையின் எடையைக் கழித்தே முள் பூச்சியத்தில் நிறுத்தப்பட்டிருந்தது; அத்துறையில் அவ்வளவு நேர்மை எப்போதும் உண்டு.

"இது எதுக்கு மேடம்?"

"பின்ன எப்படித் தெரியும்? தலைபாரம் இறங்கிடுச்சுன்னு நீங்க வாயால சொன்னா போதுமா? 'என் கல்லு சரியா இருக்கு'ன்னு கடைக்காரன் வாயால சொன்னா நாம விட்டுடறோமா? மசாஜுக்கு முன்னாடி ஒரு எடை, அப்புறம் ஒரு எடை. குறைஞ்சா தணிஞ்சிருக்கு. குறையலைன்னா தணியலை. இந்த ஐடியா தலைமையகத்துக்கே வரலை. நான்தான் எழுதி அனுப்பினேன்."

மசாஜ்காரர் ஒரு முடிதிருத்தும் நிலையத்திலிருந்து ஒப்பந்த அடிப்படையில் வந்தவர். பருத்த உடம்பு, ஓயாத வாய். "வாங்க சார், உக்காருங்க சார், தலையை மட்டும் என்கிட்ட விட்டுடுங்க, மத்ததை ஆபீஸ் பார்த்துக்கும்" என்றார்.

முதல் எடை எடுக்கப்பட்டது. பிறகு முத்திரைக்காரரை நிமிர்த்தி உட்காரவைத்து, தோளில் துண்டைப் போர்த்தி, உள்ளங்கையில் எண்ணெயைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு மசாஜ்காரர் வேலையைத் தொடங்கினார். தோள்பட்டைகளைப் பிசைந்தார். பிடரியில், மண்டையோடு முடிந்து கழுத்து தொடங்கும் பள்ளத்தில், இரு கட்டைவிரல்களையும் ஊன்றி மெல்லச் சுழற்றினார். விரல்களை முடிக்குள் நுழைத்து வேரோடு பற்றி இழுத்து விட்டார். காதுமடல்களை ஓரம் ஓரமாக நீவினார். இரண்டு கைகளையும் சேர்த்து உச்சந்தலையில் படபடவென்று தட்டினார். முத்திரைக்காரருக்கு, தம் மகள் சிறுமியாக இருந்தபோது வீட்டு இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, நடுவில் உட்கார்ந்து சிரித்த முகம் நினைவுக்கு வந்தது. பிறகு அதுவும் போயிற்று. எதுவும் நினைவில் இல்லாமல் தட்டின்மேல் தலையைச் சாய்த்தார்.

"ஐயையோ" என்றார் கண்காணிப்பாளர்.

முள் முன்பு நின்ற இடத்தைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது.

"ஏறியிருக்கு! என்ன யோசிச்சீங்க?"

"ஒண்ணும் யோசிக்கலை மேடம்."

"ஒண்ணும் யோசிக்காமலா இவ்வளவு ஏறும்?"

"எண்ணெயா இருக்குமோ மேடம்?"

எண்ணெய்க் குப்பியை எடைபோட்டுப் பார்த்தார்கள். குறைந்த எண்ணெய்க்கும் கூடிய தலைக்கும் பொருத்தமே இல்லை.

"சார் குறட்டையே விட்டாரு மேடம்" என்று மசாஜ்காரர் தம் கைகளின் பெருமைக்காக வாதாடினார்.

"குறட்டைக்கு நம்மகிட்ட அளவு கிடையாது. தராசு சொல்றதைத்தான் நான் கேப்பேன். உள்ள நிறைய தேங்கியிருக்கு. பிடிக்கப் பிடிக்க மேல வருது." அவர் முத்திரைக்காரரை இரக்கத்தோடு பார்த்தார். "இந்த நிலைமையில உங்களை லீவுல அனுப்பினா, வழியில ஏதாவது ஆயிடும். நாளைக்கும் வாங்க."

மறுநாளும் ஏறியது. அதற்கு மறுநாளும் ஏறியது. கண்காணிப்பாளர் தொலைபேசியில் பேசி, வீட்டில் ஏதேனும் பிரச்சினையா என்று முத்திரைக்காரரின் மனைவியிடம் விசாரித்தார்.

மனைவி தையற்கடை நடத்துபவர். அளவெடுக்கும் நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றாமலே வீட்டுக்கு வந்து, கணவரைச் சமையலறைப் பெஞ்சில் மல்லாந்து படுக்கச் சொன்னார். மாவு நிறுக்கும் தராசைத் தலைக்குக் கீழே தள்ளினார்.

"ஏங்க, கழுத்தைக் கொஞ்சம் விறைப்பா வைங்க."

வைத்தார்.

"இப்போ குறையுது. விடுங்க."

விட்டார்.

"ஏறுது. மறுபடியும் விறைப்பா... குறையுது. விடுங்க... ஏறுது." மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "அவ்வளவுதாங்க விஷயம். நீங்க கழுத்தால பிடிச்சுக்கிட்டு இருந்தா பாதி பாரம் கழுத்துல நிக்குது. நிம்மதியா சாஞ்சா மொத்தமும் தட்டுல விழுது. ஆபீஸ் முழுக்கத் தராசைப் பார்த்தே சம்பளம் வாங்கறீங்க, இது ஒருத்தருக்குமா தெரியலை?"

"தராசு பொய் சொல்லாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்காங்க."

"அது பொய் சொல்லலைங்க. நீங்க தப்பாக் கேக்கறீங்க. திங்கட்கிழமை போய்க் கழுத்தைக் கட்டை மாதிரி வெச்சுக்கிட்டு படுங்க. லீவை வாங்கிட்டு வாங்க. அவளுக்கு நான் ரெண்டு சட்டை தெச்சு வெச்சிருக்கேன்."

திங்கட்கிழமை முத்திரைக்காரர் அவ்வாறே செய்தார். மசாஜ்காரரின் கட்டைவிரல்கள் பிடரியில் இறங்கியபோது பல்லைக் கடித்துக்கொண்டார். உடம்பு கெஞ்சியது, அவர் இளகவில்லை. தட்டின்மேல் தலையைச் சாய்த்தபோது, அது மெத்தையைத் தொட்டும் தொடாமலும் மிதந்தது. முள் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குக் கீழே நின்றது. கண்காணிப்பாளர் கைதட்டினார், அடுத்த அறையிலிருந்து ஆட்களை அழைத்துவந்து காட்டினார்.

"பாருங்க, இவர்தான் நம்ம முதல் வெற்றி! மொத்த பாரமும் இறங்கிடுச்சு!"

"ரொம்ப நன்றி மேடம்" என்றார் முத்திரைக்காரர், கழுத்தைத் திருப்ப முடியாமல் சுவரைப் பார்த்தபடி. "அப்போ வியாழக்கிழமை லீவு?"

"பாரமே இல்லாதவருக்கு லீவு எதுக்கு?"

முத்திரைக்காரர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"மேடம், ஏறினா லீவு கிடையாது."

"கிடையாது. நோயாளியை எப்படி அனுப்பறது?"

"இறங்கினாலும் கிடையாது."

"குணமானவருக்கு மருந்து எதுக்கு?"

"அப்போ யாருக்குத்தான் மேடம் லீவு?"

கண்காணிப்பாளர் விதியை எடுத்துப் பார்த்தார். "ஏறாம இறங்காம அப்படியே நின்னா, அது மசாஜுக்குக் கட்டுப்படாத தலை. அதைத் தலைமையகத்துக்கு அனுப்பி வைக்கணும்."

"லீவு மனுவையா மேடம்?"

"தலையை."

முத்திரைக்காரர் தம் இருக்கைக்குத் திரும்பினார்.

கழுத்தை விறைக்கும் இரகசியம் எப்படிக் கசிந்தது என்று சொல்ல இயலாது, ஆனால் கசிந்தது. விடுப்பைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. 'தணியாதவர்' என்று பெயர் வாங்கினால் பதவி உயர்வு போய்விடும் என்ற அச்சம் மட்டுமே எல்லாருக்கும் இருந்தது. செவ்வாய்க்கிழமை மாலைக்குள் அலுவலகத்தில் ஒரு கழுத்துகூட வளையவில்லை. பக்கத்து மேசைக்காரரோடு பேச விரும்பியவர் நாற்காலியோடு திரும்பினார். கோப்பைப் படிக்க விரும்பியவர் அதைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். அறையெங்கும் வலிநிவாரணித் தைலத்தின் நெடி பரவியது. தராசுக்கு முத்திரை வாங்க வந்த மளிகைக்கடைக்காரர் ஒருவர், வரிசையாக விறைத்து உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு, "யாராவது தவறிட்டாங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

துறையிலேயே மிகவும் தணிந்த அலுவலகம் இதுதான் என்று தலைமையகம் அன்றே பாராட்டியது. பாராட்டு வந்ததும் அவ்வலுவலகத்தின் தலைவரான இயக்குநர் தம் அறையைவிட்டு வெளியே வந்தார். அவர் வெளியே வருவது அரிது. வந்தால் உரையாற்றாமல் திரும்புவது அதனினும் அரிது.

"நண்பர்களே, எல்லாருடைய தலையும் லேசா இருக்கு. ரொம்ப சந்தோஷம். ஆனா நான் ஒரு கேள்வி கேக்கறேன். எதோட ஒப்பிட்டு லேசு? கடையில இருக்கற கிலோவை எதோட ஒப்பிடறோம்? நம்மகிட்ட கண்ணாடிப் பெட்டியில இருக்கே, அந்த மூலக்கல்லோட. அப்போ தலைக்கு மூலத்தலை எது?"

எல்லாரும் விழிகளை மட்டும் திருப்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தயங்காதீங்க. வெளிப்படையா சொல்லுங்க. பதவியைப் பார்க்காதீங்க. இந்தக் கட்டடத்துல எந்தத் தலை பெரிய தலை?"

"உங்க தலைதான் சார்" என்றார் கண்காணிப்பாளர்.

"நான் சொல்லலை. நீங்கதான் சொல்றீங்க. ஊழியர்கள் விருப்பத்தை மீறற பழக்கம் எனக்கு இல்லை. சரி, நாளன்னைக்கு, வியாழக்கிழமை, என் தலைக்கு எடை எடுத்து மூலத்தலையா அறிவிக்கலாம். எல்லாரும் கண்டிப்பா வரணும்."

எங்கே முத்திரை வைப்பது என்னும் கேள்வி உடனே எழுந்தது. முத்திரையில்லாத மூலத்தலை சட்டப்படி செல்லாது. காதுமடலில் ஈயத்தைக் கோக்கலாம் என்று ஒருவர் சொன்னார். இயக்குநர் அவருடைய பெயரை விசாரித்து வைத்துக்கொண்டார். சட்டையின் கழுத்துப் பொத்தானில் கட்டலாம் என்று முடிவாயிற்று. சட்டையை மாற்றினால் முத்திரை செல்லாதே என்று கண்காணிப்பாளர் ஐயம் எழுப்பினார்.

"அப்போ மாத்தமாட்டேன்" என்றார் இயக்குநர். "பொறுப்புன்னு வந்துட்டா சட்டையெல்லாம் பார்க்க முடியுமா?"

கூட்டம் கலைந்தபின் முத்திரைக்காரர் இயக்குநரின் அறைக்குள் நுழைந்தார். அவருடைய பணிக்காலத்தில் அவ்வறைக்குள் அவர் தாமாக நுழைந்தது அதுவே முதல் முறை. நடந்ததைச் சொன்னார். கப்பல், மகள், ஒரே ஒரு பகல்.

இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார். "ஒரு அப்பாவா, உங்க மனசு எனக்குப் புரியுது. நல்லாவே புரியுது. ஆனா நான் இப்போ அப்பாவா உக்காரலை. என் பொண்ணும்தான் கல்யாணமாகி இருக்கா. எங்க இருக்கா தெரியுமா? பின்தெருவுல. இந்த ஜன்னலைத் திறந்தா அவ வீட்டு மாடி தெரியும். நான் போய்ப் பார்க்கறேனா? ஜன்னலையாவது திறக்கறேனா? ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்குப் பேர்தான் கட்டுப்பாடு."

"சார், ஒரு நாள்..."

"நீங்க இல்லைன்னா முத்திரை யார் வைக்கறது? ஒரு தலைக்காக ஒரு துறையே காத்திருக்கு. அது உங்களுக்குப் பெருமை இல்லையா? போங்க. முகம் வாட்டமா இருக்கு. போய்த் தலையைப் பிடிச்சுவிடச் சொல்லுங்க."

புதன்கிழமை இரவு உணவுக்குப்பின் மனைவி, மகளுக்குத் தைத்த சட்டைகளை மடித்துப் பையில் வைத்தார். "நான் காலையிலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடறேன்" என்றார். "உச்சிவேளை வரைக்கும் உங்களுக்காக நிக்கறேன். வரலைன்னா நான் மட்டும் போறேன். 'அப்பா எங்கம்மா'ன்னு அவ கேட்டா, ஒரு தலைக்குக் காவல் இருக்கார்னு சொல்லிக்கறேன்."

வியாழக்கிழமை காலையில் அலுவலகம் மூலக்கல்லை நிறுக்கும் ஒழுங்குக்கு மாறியிருந்தது. மூலக்கல்லை நிறுக்கும்போது காற்று அசையக் கூடாது. தரை அதிரக் கூடாது. அருகில் நிற்பவர் பலமாக மூச்சுவிடக் கூடாது. முள் அசைவற்று நிற்கும்வரை எவரும் பேசக் கூடாது. ஆகவே மின்விசிறிகள் நிறுத்தப்பட்டன. சன்னல்கள் சாத்தப்பட்டன. எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தணிப்பறையின் சுவரோரமாக நின்றார்கள். முத்திரைக்காரர் ஈயமும் இடுக்கியுமாக நாற்காலியின் பக்கத்தில் நிறுத்தப்பட்டார்.

இயக்குநர் புதுச் சட்டை அணிந்து வந்தார். நாற்காலியில் அமர்ந்து, துண்டைத் தாமே சரிசெய்துகொண்டு, ஒரு சிற்றுரை ஆற்றினார். "என் தலை இனி என் தலை இல்லை. அது பொதுச் சொத்து. அதை உங்க கையில ஒப்படைக்கிறேன்" என்று முடித்தார். ஒப்படைக்கப்பட்டதை மசாஜ்காரர் பெற்றுக்கொண்டார்.

தொடக்கத்தில் இயக்குநரின் கழுத்து இரும்புக் கம்பம்போல் நின்றது. அது நடிப்பன்று; அவருடைய கழுத்து எப்போதும் அப்படித்தான். மசாஜ்காரர் தோள்களைப் பிசைந்தார்; மாற்றமில்லை. உச்சியில் தட்டினார், மாற்றமில்லை. தம் திறமைக்கே அறைகூவல் என்று எண்ணியவராய், பிடரிப் பள்ளத்தில் கட்டைவிரல்களை ஊன்றி, ஓர் ஆழ்ந்த சுழற்று சுழற்றினார். இயக்குநரின் தொண்டையிலிருந்து, அங்கிருந்த எவரும் அதுவரை கேட்டிராத ஒரு சிறு ஒலி வந்தது. கம்பம் சாய்ந்தது. தலை தட்டின்மேல் விழுந்தது. முள் சுழன்று ஏறி, இதுவரை அவ்வலுவலகத்தில் எந்தத் தலையும் தொடாத கோட்டைத் தொட்டது.

கண்காணிப்பாளரின் முகம் வெளிறியது. அவருடைய கணக்கின்படி, அவ்வளவு பாரத்தோடு ஒரு மனிதர் உயிரோடு இருக்க முடியாது.

இருந்தார் என்பதற்குச் சான்றாகக் குறட்டை எழுந்தது. ஒவ்வொரு குறட்டைக்கும் முள் ஏறியது, இறங்கியது. முள் அசைவற்று நின்றால்தான் எடையைக் குறிக்க முடியும். குறித்தால்தான் முத்திரை வைக்க முடியும். முத்திரை வைத்தால்தான் எவரும் பேசவோ அசையவோ முடியும். இயக்குநரை எழுப்பலாமா என்று கண்காணிப்பாளர் கண்ணால் வினவினார். எடைபோடுவதன் நடுவே மூலக்கல்லைத் தொட்டவருக்கு என்ன தண்டனை என்பது அனைவருக்கும் மனப்பாடம். எவரும் கண்ணால்கூட விடை சொல்லவில்லை. மசாஜ்காரர் தூக்கிய கைகளைத் தொங்கவிடவும் அஞ்சி, ஆசீர்வதிப்பவரைப்போல நின்றார்.

வெயில் ஏறியது. மூடிய அறையில் வியர்வை வழிந்தது. விறைத்த கழுத்தோடு நின்ற ஒருவர் கண்கலங்கினார். முத்திரைக்காரரின் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. அவர் அதை ஓசையில்லாமல் பாதி வெளியே இழுத்து, விழிகளை மட்டும் தாழ்த்திப் படித்தார். 'அப்பா, வந்துட்டோம். மேல்தளத்துலயே நிக்கறேன். தூரத்துலருந்தே உங்க நடையைக் கண்டுபிடிச்சிடுவேன்.'

அவர் முள்ளைப் பார்த்தார். ஏறியது, இறங்கியது. இயக்குநரின் முகத்தைப் பார்த்தார். வாய் சற்றே திறந்திருந்தது. நெற்றியில் ஒரு சுருக்கமும் இல்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு இடுக்கியையும் ஈயத்தையும் ஓசையில்லாமல் மேசைமேல் வைத்தார். வெறுங்காலோடு நடந்து கதவைத் திறந்து வெளியேறினார். தடுக்க வேண்டுமானால் பேச வேண்டும். பிடிக்க வேண்டுமானால் நகர வேண்டும். எவரும் இரண்டையும் செய்யவில்லை.

படிக்கட்டில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, கண்காணிப்பாளர் நுனிக்காலில் வந்து சேர்ந்தார்.

"எங்க போறீங்க?" என்று காற்றே இல்லாத குரலில் கேட்டார்.

"பொண்ணைப் பார்க்க மேடம்" என்று அதே குரலில் முத்திரைக்காரர் விடையளித்தார்.

"இது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"இப்போ என்னால சத்தம் போட முடியாது."

"தெரியும் மேடம்."

"நாளைக்கு வாங்க. போடறேன்."

"சரி மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கினார். தெருவை அடைந்ததும் ஓடினார். பேருந்து நிலையத்தில் மனைவி, புறப்படவிருந்த பேருந்தின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, நடத்துநரோடு சண்டையிட்டபடி நின்றிருந்தார். "இதோ வந்துட்டார்! உங்க பஸ் ஒண்ணும் கரைஞ்சு போயிடலை" என்றவர், கணவரைப் பார்த்து, "ஏறுங்க, ஏறுங்க" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

மகள் இயந்திர எண்ணெய்க் கறை படிந்த வேலையுடையோடு கப்பலின் ஏணிப்படியில் இறங்கி ஓடிவந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பாவைக் கட்டிக்கொண்டவள் சட்டென்று விலகினாள்.

"என்னப்பா இது, கழுத்து போல்ட் போட்டு முறுக்கின மாதிரி இருக்கு?"

"ஆபீஸ்ல மன இறுக்கத்தைத் தணிச்சாங்கம்மா."

மகள் அவரை மேல்தளத்தில் ஒரு கயிற்றுச் சுருளின்மேல் உட்காரவைத்தாள். எந்த முறையும் தெரியாமல், எந்தப் பள்ளத்தையும் தேடாமல், துருப்பிடித்த திருகைப் பிடித்துத் திருகுபவளைப்போலப் பிடரியைப் பிடித்தாள். "வலிக்குதாப்பா?" "வலிக்குது." "அப்போ சரியான இடம்தான்." பேசிக்கொண்டே பிடித்தாள்: சமையற்காரர் உப்பை மறந்த கதை, புயலில் ஒரு குழாய் வெடித்த கதை, முதலில் பெண் இன்ஜினியரா என்று சிரித்தவர்களே இப்போது இயந்திரம் நின்றால் தன்னைத் தேடும் கதை. அவர் தலை மெல்லச் சாய்ந்து அவள் தோளில் இறங்கியது. மனைவி அதைப் படம் எடுத்தார். எவ்வளவு எடை என்று எவரும் கேட்கவில்லை. சாயங்காலம்வரை அங்கேயே இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் முத்திரைக்காரர் சத்தத்துக்குத் தயாராக வந்தார். முந்தைய நாளுக்குரிய விடுப்பு மனுவையும் நேர்மையாக எழுதிக் கொண்டுவந்திருந்தார். கண்காணிப்பாளர் அதைத் தொடவில்லை.

"இது எதுக்கு? நேத்து நீங்க இங்கதான் இருந்தீங்க."

"இல்லையே மேடம். நீங்களே படிக்கட்டு வரைக்கும்..."

"நானும் இங்கதான் இருந்தேன். அசையவே இல்லை." கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "சார் மூணு மணிக்கு எழுந்தார். தூங்கவே இல்லை, கண்ணை மூடிக்கிட்டு எல்லாரையும் கவனிச்சிட்டு இருந்தேன்னு சொல்லிட்டார். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க இடத்துல நின்னதைத் தானே பார்த்ததா கையெழுத்தும் போட்டுட்டார். இப்போ நீங்க இல்லைன்னா, சார் தூங்கினார்னு ஆகும். சார் தூங்கினார்னு சொல்றீங்களா?"

"இல்லை மேடம்."

"அப்போ இருந்தீங்க."

"அந்தச் சத்தம் போடறேன்னு சொன்னது மேடம்?"

"இருந்தவரை எப்படிச் சத்தம் போடறது?"

மூலத்தலையின் எடையும் அறிவிக்கப்பட்டிருந்தது. முத்திரையைக் கண்காணிப்பாளரே வைத்திருந்தார். அதனோடு ஒப்பிட்டபோது, அலுவலகத்தின் மற்ற தலைகள் அனைத்தும் குறைந்த எடை உடையவை என்று தெரியவந்தது. குறைந்த எடை அத்துறையில் குற்றம். எனவே ஊழியர் அனைவரும் தத்தம் தலையின் எடையை இயக்குநரின் அளவுக்கு விரைவில் உயர்த்த வேண்டும் என்று புதிய ஆணை பிறந்தது. தணிப்பறையின் வாசலில் வரிசை நின்றது. கழுத்துகள் ஒவ்வொன்றாக இளகின. பிற்பகலில் நான்கு பக்கமும் குறட்டை கேட்டது. எவரும் விடுப்புக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் இயக்குநர் மேசை மேசையாகப் பார்வையிட்டு வந்தார். அதே சட்டை, கழுத்துப் பொத்தானில் ஈயம் ஆடியது. முத்திரைக்காரரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த படத்தைக் கண்டு நின்றார். கயிற்றுச் சுருள், ஓர் இளம்பெண்ணின் கறைபடிந்த தோள், அதன்மேல் கண்மூடிச் சாய்ந்த ஒரு முகம்.

"இது யாரு? உங்க அண்ணனா?"

முத்திரைக்காரர் எழுந்து நின்றார். கண்காணிப்பாளர் இயக்குநருக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்று தலையசைத்தார்.

"என்னை மாதிரியே இருப்பார் சார்."

"உங்களைவிட நல்லா இருக்கார். எவ்வளவு அமைதியான முகம்! இந்தத் தலை நம்ம தராசுல ஏறியிருந்தா என் தலையே தோத்திருக்கும்." இயக்குநர் குனிந்து நெடுநேரம் பார்த்தார், ஈயம் கண்ணாடியில் தட்டியது. "எந்த ஆபீஸ்? அங்க யார் மசாஜ் பண்றாங்க? அந்த ஆளை நாம எடுத்துக்கலாம்."

"மசாஜ் எல்லாம் இல்லை சார்" என்றார் முத்திரைக்காரர். "அவர் அன்னிக்கு லீவுல இருந்தார்."